தம்பிக்கு, அரிட்டாபட்டியிலிருந்து

அன்புள்ள தம்பி,

நலமாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? வெயிலில் அலைகிற வேலை. தலையில் துண்டு கட்டாமல் வெளியே இறங்காதே. போன வாரமும் "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். முன்பெல்லாம் எந்தப் பாறையைத் தட்டினாய், உள்ளே என்ன மின்னியது என்று எனக்குப் புரிகிறதோ இல்லையோ, சொல்லிக்கொண்டே இருப்பாய்.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை. நம் மலையில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2025 ஜனவரி 7 அன்று மதுரைக்கு நடந்து போனாரே, அன்று பிடித்தது. வேண்டாம் என்றேன், கேட்டால்தானே. சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் திரண்டு ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி அந்தச் சுரங்கத்துக்கு விட்ட ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. செய்தி கேட்டதும் அப்பா மலைக்குப் போய்க் குடைவரைச் சிவனுக்கு விளக்கேற்றினார். உன்னிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். "சரி அம்மா" என்றாய். அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் சுரங்கத்தை எதிர்த்துக் கிராமசபையில் தீர்மானம் போட்டபோது உன் பெரியம்மா எழுந்தாள், தம்பி. நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள். "இந்தக் கண்மாயை நம்பித்தான் என் பிள்ளைகளை வளர்த்தேன், இதை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அன்று நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

ஏலத்தில் வைத்தது 2,015 ஹெக்டேர். 2022இல் அரசே தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்த நம் 193 ஹெக்டேரும் அதற்குள் அடக்கம். அரசு அறிவிப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே, சாமி இருக்கும் மலை என்று கல்லை உடைக்க விடாமல் காத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அறிவிப்பு வந்த பிறகும் ஏலம் வந்தது. அதனால்தான் ரத்து செய்துவிட்டார்கள் என்று கேட்டும் எனக்கு உறக்கம் பிடிப்பதில்லை. தலையில் துண்டு கட்டிக்கொள், மறக்காதே.

வெள்ளிக்கிழமைகளில் விளக்கு வைத்துவிட்டுச் சுனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மழை நின்று நாளானாலும் பாறை இடுக்கில் நீர் கசிகிறது. விரல் வைத்தால் சில்லென்று இருக்கிறது. இங்கே கசிவது கீழே இறங்கிக் கண்மாயில் சேர்கிறது, அது மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. கல்லூரியிலிருந்து வந்த விடுமுறையில் என்னைக் கூட்டிக்கொண்டு போய், "இந்தப் பாறை பிளந்தால் இந்த நீர் எங்கே போகும் தெரியுமா?" என்று கேட்டாய். அன்றைக்கு இருந்த பெருமை எனக்கு இன்றைக்கும் குறையவில்லை. நம் வம்சத்தில் நிலவியல் படித்தவன் நீ ஒருவன்தான். சங்கிலியை விற்றதற்கு ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

போன வெள்ளி நான் அங்கே இருந்தபோது ஒரு வல்லூறு செங்குத்தாக இறங்கிப் புறாவைத் தூக்கிப்போனது. கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஊரில் கேட்கிறார்கள், தம்பி. "உங்கள் மகனும் சுரங்கக் கம்பெனியில்தானே இருக்கிறான், அவன் என்ன சொல்கிறான்?" என்று. கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. "அவன் வடக்கே எங்கோ இருக்கிறான், அவனுக்கு இதெல்லாம் தெரியாது" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுகிறேன். தெரியாது என்று நான் சொல்வது உண்மைதானே?

நீ இருக்கும் இடத்திலும் ஒரு மலை இருக்கும். அதற்குக் கீழே ஒரு பெரியம்மா இருப்பாள். அவளுடைய சுனை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்திருக்கிறாயா? குறித்துவிடு. உன் மேலதிகாரி கேட்காவிட்டாலும் குறித்துவிடு.

கண்மாய் வற்றினால் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். இந்த முறையாவது வா. நீ மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடையை அப்பா பரணில் பத்திரமாக வைத்திருக்கிறார். லீவு கிடைக்காது என்று இப்போதே சொல்லிவிடாதே, கேட்டுப் பார். மந்தையில் நம் ஆட்களோடு உட்கார். அவர்கள் கேட்பதற்கு நீயே பதில் சொல்.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு கடிதம் எழுது. போன் வேண்டாம், போனில் நீ "சரி அம்மா" என்றுதான் சொல்வாய். எழுது.

இப்படிக்கு,
அம்மா