சுமை தூக்கிய வருடங்களையும் காட்டுங்கள்

துருவப் பயணங்களின் நினைவைக் காக்கும் அருங்காட்சியகங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்குத் தமிழ் தெரியாது என்பது தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், யாராவது படித்துச் சொல்வார்கள்.

டெர்ரா நோவா கப்பல் என்று சொன்னதும், தென் துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் இறந்த ஆங்கிலேயப் பயணி ஸ்காட் வந்துவிடுகிறார். சரி, வரட்டும். ஆனால் அது 1884-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் கட்டி, 1943-இல் மூழ்கிய கப்பல். அந்த 59 வருடத்தில் ஸ்காட்டின் பயணத்துக்குப் போனது மூன்று வருடம், 1910 முதல் 1913 வரை. மற்ற வருடங்களில் பெரும்பாலும் அது சீல் வேட்டைக்காரர்களைச் சுமந்தது. நடுவில் இரண்டு முறை, பனியில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கப் போனது: 1904-இல் அண்டார்க்டிகாவில் சிக்கிய டிஸ்கவரி கப்பலுக்காக, 1905-இல் வடக்கே ஃபிரான்ஸ் ஜோசப் தீவுகளில் தவித்த ஒரு குழுவுக்காக. இந்த வேலைகளைப் பற்றியும் உங்கள் பலகைகள் நிறையப் பேச வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

ஸ்காட்டின் அந்த மூன்று வருடத்தையே எடுத்துக்கொள்வோம். 1910 நவம்பர் கடைசியில் நியூசிலாந்தை விட்டுப் புறப்பட்டபோது, கப்பலின் மேல்தளம் வீடு மாற்றுகிறவர்களின் லாரி போல இருந்தது. 19 குதிரைகள், முப்பதுக்கும் மேற்பட்ட நாய்கள், மோட்டார் சறுக்கு வண்டிகள், பெட்ரோல் பெட்டிகள், உள்ளே இடமில்லாமல் மேலே அடுக்கிய நிலக்கரி மூட்டைகள். சாதாரண வணிகக் கப்பலாக இருந்திருந்தால் இவ்வளவு பாரத்தோடு துறைமுகத்தை விட்டே வெளியே விட்டிருக்க மாட்டார்கள். உல்லாசப் படகுச் சங்கம் ஒன்றில் பதிவு செய்திருந்ததால் அந்த விதி இதைக் கட்டுப்படுத்தவில்லை. சட்டத்தில் இப்படி ஒரு சந்து!

டிசம்பர் முதல் நாட்களில் புயல். பழைய மரக்கப்பல், ஏற்கெனவே நீர் கசிகிற கப்பல். நிலக்கரித் தூளும் எண்ணெயும் உருண்டு திரண்டு பம்புகளை அடைத்துவிட்டன. தண்ணீர் ஏறி ஏறிக் கொதிகலன் அடுப்புகளையே அணைக்க வேண்டியதாயிற்று. அதிகாரி, விஞ்ஞானி என்ற வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் வரிசையாக நின்று வாளி வாளியாக இறைத்தார்கள். கீழே கொதிகலன் ஆட்களின் தலைவர் வில்லியம் லாஷ்லி கழுத்தளவு தண்ணீரில் நின்று அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். இன்ஜின் அறைத் தடுப்புச் சுவரில் ஓட்டை போட்டு, அதன் வழியே பம்பின் அடிக்குப் போய்ச் சுத்தம் செய்த பிறகுதான் கப்பல் பிழைத்தது. இரண்டு குதிரைகளும் ஒரு நாயும் போயின, சுமார் பத்து டன் நிலக்கரியும் போயிற்று. தென் துருவத்தில் கொடி நட்ட படம் எல்லோருக்கும் தெரியும். அந்த இரவு அந்தப் பம்ப் ஓடாமல் இருந்திருந்தால் படமே கிடையாது.

பிறகு மிதக்கும் பனிக்குள் சுமார் 20 நாள். அங்கே மட்டும் 60 டன்னுக்கு மேல் நிலக்கரி எரிந்தது. இந்த வகைக் கப்பலின் வேலையே நிலக்கரிக் கணக்குதான். எவ்வளவு எரித்தால் பனியை விட்டு வெளியே வரலாம், ஊர் திரும்ப எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்று தினமும் பார்க்க வேண்டும். ஆட்களையும் சாமான்களையும் இறக்கிவிட்டதும், கப்பல் பொறுப்பை ஏற்ற அதிகாரி ஹாரி பென்னல் கப்பலை நியூசிலாந்துக்குத் திருப்பினார். 1911 டிசம்பரில் கடிதங்கள், உணவு, கூடவே இந்திய அரசு கொடுத்த ஏழு கோவேறு கழுதைகளோடு மறுபடி தெற்கே. குலாப், பேகம், ராணி என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர். அண்டார்க்டிகாவில் ஒரு ராணி கழுதை நடந்திருக்கிறாள் என்பதைச் சொன்னால் உங்களிடம் வரும் குழந்தைகள் அந்தப் பலகையை விட்டு நகராது! அதே பயணத்தில், ஸ்காட்டின் ஆட்களில் தனியாக வேறிடத்தில் இறங்கியிருந்த விக்டர் கேம்பெல்லின் ஆறு பேர் குழுவை ஏற்றிக்கொள்ளப் பென்னல் பலமுறை முயன்றும் பனி விடவில்லை. அவர்கள் பனியில் குகை தோண்டிக் குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

1913-இல் கார்டிஃப் திரும்பியதும் கப்பலின் முகப்புச் சிலையைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள். கப்பல், இன்று கனடாவின் பகுதியாக இருக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போய்ப் பழையபடி சீல் வேட்டையில் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் கிரீன்லாந்துத் தளங்களுக்குச் சரக்கு ஏற்றும் வேலை கிடைத்தது. அந்த வேலையில்தான், பனி இடித்த காயத்தோடு, 1943 செப்டம்பரில் மூழ்கியது. ஆட்களை அமெரிக்கக் கடலோரக் காவல்படை காப்பாற்றிவிட்டது. 2012-இல் கடலடியில் அதைக் கண்டுபிடித்தபோதும் செய்திகளின் தலைப்பு என்னவோ ஸ்காட்டின் கப்பல்தான்.

இதைவிட என்னை உறுத்துவது சதர்ன் கிராஸ். 1899-இல் நார்வேக்காரர் போர்ச்கிரெவிங்கின் ஆட்களை அண்டார்க்டிகாவின் கேப் அடேரில் இறக்கிவிட்ட கப்பல் அது. அண்டார்க்டிக் நிலப்பரப்பில் முதன்முதலாகக் குளிர்காலத்தைக் கழித்தவர்கள் அவர்கள். அவர்கள் கட்டிய குடிசை இன்றும் நிற்கிறது, அக்கறையோடு பராமரிக்கிறார்கள். நல்லது. அதே கப்பல் 1914 வசந்தத்தில் சீல் தோல்களை ஏற்றிக்கொண்டு நியூஃபவுண்ட்லாந்துக்குத் திரும்பும்போது, புயலில் 173 பேரோடு காணாமல் போனது. ஒரு ஆளும் திரும்பவில்லை. ஸ்காட்டோடு இறந்தவர்கள் நான்கு பேர், அவர்களின் கடைசி நாட்கள் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இந்த 173 பேரைப் பற்றி நியூஃபவுண்ட்லாந்துக்கு வெளியே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

ஸ்காட்டைக் குறைத்துச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. கப்பலின் மாதிரி வைத்திருந்தால், அதன் பக்கத்தில் பம்பும் நிலக்கரித் தூளும் எண்ணெயும் வந்து நிற்கட்டும். மாலுமிகள் பட்டியலில் கொதிகலன் ஆட்களையும் தச்சரையும் கடைசி வரிக்குத் தள்ள வேண்டாம். கேப் அடேர் குடிசையைப் பற்றிப் பேசும் இடத்தில் 1914-ஐயும் சொல்லுங்கள். பெயர்களைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. நியூஃபவுண்ட்லாந்தின் எலிஸ்டனில் அந்த 173 பேரின் பெயர்களையும் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு கடிதம் போட்டுக் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
கப்பல் கதைகள் படிக்கும் ஒரு தமிழ் வாசகர்