லூனாவை லிஃப்டில் விடுங்கள்: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி, லாஸ்பேட்டை

மதிப்புக்குரிய சங்கத் தலைவர், செயலாளர், கமிட்டி உறுப்பினர்களுக்கு வணக்கம்.

‘செல்லப் பிராணிகளுக்கு லிஃப்டில் அனுமதி இல்லை’ என்று போன வாரம் ஒட்டிய நோட்டீஸ் யாருக்கானது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நம் பிளாக்கில் லிஃப்டில் ஏறும் நாய் லூனா ஒன்றுதான். அதனால் நேராகவே கேட்கிறேன்: அவளை மறுபடியும் லிஃப்டில் அனுமதியுங்கள்.

பிரான்சில் இருந்தபோது நாங்கள் அவளைத் தத்தெடுத்ததும், ஊர் திரும்பும்போது கையோடு கூட்டி வந்ததும் நீங்கள் அறிந்த கதை. அவளுடைய காலைப் பற்றித்தான் யாரும் கேட்கவில்லை. லூனா அயர்லாந்தில் ரேஸ் ஓடிய கிரேஹவுண்ட் இன நாய். இரண்டு காதுகளிலும் பச்சை குத்திய எழுத்துகள் இன்னும் இருக்கின்றன. பந்தயத் திடலில் நாய்கள் எப்போதும் இடப்பக்கமாக வளைந்தே ஓட வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிற உடம்பு ஒவ்வொரு வளைவிலும் வலது பின்னங்காலை அழுத்தும். அந்தக் கணுக்கால் எலும்பு உடைவது ரேஸ் நாய்களுக்கு அடிக்கடி நேர்வது. லூனாவுக்கும் உடைந்தது. அதோடு அவளுடைய ஓட்டம் முடிந்தது.

ரேஸ் நாய்கள் பட்டியிலேயே வளர்கிறவை. வீடு என்றால் என்னவென்றே பல நாய்களுக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவில் போய் முட்டும், வழவழப்பான தரையில் கால் வைக்காமல் நடுங்கி நிற்கும். படியேற ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துச் சொல்லித் தர வேண்டும். லூனா எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். ஆனால் வயது ஏற ஏற, மூன்று மாடி ஏறும் பலம் அந்தக் காலில் இல்லை.

நோட்டீஸ் வந்ததிலிருந்து என் கணவர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார். அவருக்கு 70 வயது, அவள் 28 கிலோ. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறார். மழை பெய்த அன்று சாரல் அடித்து நனைந்த கிரானைட் படியில் லூனா வழுக்கி விழுந்தாள். அன்றிலிருந்து படியைப் பார்த்தாலே பின்வாங்குகிறாள். இரவெல்லாம் சிறுநீரை அடக்கிக்கொண்டு, காலையிலும் எழுந்திருக்க மனமில்லாமல் மூலையில் படுத்துக் கிடக்கிறாள். வாயில்லாத உயிர் ஒன்று இப்படி அடக்கிக்கொண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எங்களால் சோறு தின்ன முடியவில்லை.

நாய்க்குப் பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆளுயரத்துக்கு எழும்பக்கூடிய நாய், கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் கூடு வேறு. பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். அந்தக் கூடு பந்தயத்தில் எல்லா நாய்களுக்கும் போடுவது. உங்கள் நிம்மதிக்காக லிஃப்டில் நானும் போட்டுவிடுகிறேன். பகலில் பெரும்பகுதி தூங்குகிறாள். குரைப்பது அபூர்வம். பூனையையோ அணிலையோ கண்டால் பாய்வாள் என்பது உண்மை. அதனால்தான் ஹெலிபேட் மைதானத்தில்கூட நாங்கள் கயிற்றை விடுவதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1962இல் சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கிய அமைப்பு இந்திய விலங்குகள் நல வாரியம். வளர்ப்பு நாய்களுக்கு லிஃப்டை மறுக்கும் உரிமை குடியிருப்போர் சங்கங்களுக்கு இல்லை என்று அதன் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. இதை வைத்து வழக்குப் போட எனக்கு விருப்பமில்லை. ஒரே கட்டடத்தில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் நாம்.

ஆனால் மனசு பொறுக்கவில்லை. குட்டி என்றால் ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். வளர்ந்துவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். வெளிநாட்டு நாய்க்கு மட்டுமா இந்தக் கதி? நம் நாட்டு நாய்களான சிப்பிப்பாறையும் கன்னியும் வேகத்துக்குப் பேர் போனவை. ஓட்டம் நின்றதும் அவற்றுக்குச் சோறு போட எத்தனை வீடு இருக்கிறது? தத்தெடுக்கச் சொன்னால், ‘எங்கள் அபார்ட்மெண்டில் விடமாட்டார்கள்’ என்பதே பதில். இப்படி ஒட்டப்படும் ஒவ்வொரு நோட்டீஸும் ஒரு நாயைத் தெருவிலேயே நிறுத்துகிறது. 2018இல் சீனாவின் மக்காவ் நகரத்தில் இருந்த நாய்ப் பந்தயத் திடலை மூடியபோது, அங்கே மிஞ்சிய 500க்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகளுக்குப் பல நாடுகளில் வீடு தேடிக் கொடுத்தார்கள். நான் கேட்பது ஒரு லிஃப்ட்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் நேரத்தில் மட்டும் ஏற்றுகிறோம். உள்ளே யாராவது இருந்தால், அவர்கள் போகும்வரை காத்திருக்கிறோம். முடி உதிர்ந்தால் நாங்களே துடைக்கிறோம். லூனாவை லிஃப்டில் அனுமதியுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, முடிவை எழுத்தில் தெரிவிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும், மழை நாட்களிலாவது வாட்ச்மேன் தம்பியிடம் எங்களைத் தடுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியில் குடியிருப்பவள்