ஒரு துண்டுக் குழாய்க்கு எத்தனை வீடு

சாட்ஸ்வொர்த், டர்பன்,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்திக்குக் காதுகுத்து, அப்புறம் எனக்கு முட்டிவலி. அவளுக்குக் காது ஆறிவிட்டது, எனக்கு முட்டி ஆறவில்லை.

ஜோகன்னஸ்பர்க்கை விட்டு வந்து டர்பனின் மேற்கோரத்தில் நிலம் வாங்கி வீடு கட்டப்போகிறாயாம். வா, சந்தோஷம். ஆனால் ‘ஊரை விட்டுத் தள்ளி இருந்தால் நகராட்சிக்குப் பாரம் குறையும்’ என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் சிரித்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் குழாய் பதித்தவனிடம் சொல்கிற பேச்சாடா இது?

குழாய் ஒரு துண்டு ஆறு மீட்டர். இங்கே சாட்ஸ்வொர்த்தில், பேவியூ பகுதியில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் இருக்கும் தெருவில் இரண்டு துண்டு இறக்கினால், இந்தப் பக்கமும் எதிர்ப்பக்கமுமாக மூன்று வீட்டுக்காவது தண்ணீர் போய்விடும். வெளியே மேட்டுச்சரிவுகளில் இருபது துண்டு இறக்கி நிமிர்ந்து பார்த்தால் ஒரே ஒரு கேட்டு நிற்கும், உள்ளே நாய் குரைக்கும். குழாய்ச் செலவுக்குத் தலைக்கணக்கு கிடையாது, நீளக்கணக்குதான். குப்பைப் பையை எடுக்க வரும் லாரிக்கும் அப்படித்தான்.

2000இல் டர்பனோடு சுற்றுவட்டாரத்தையெல்லாம் சேர்த்து எத்தெக்வினி மாநகராட்சி ஆக்கினார்களே, அப்போது பரப்பு 68 சதவீதம் கூடிற்று, ஜனம் 9 சதவீதம்தான். அங்கெல்லாம் சாக்கடைக் குழாய் கொண்டுபோவது கட்டாது என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு வெளியே பல்லாயிரம் வீடுகளுக்கு, சிறுநீரும் மலமும் தனித்தனியாகப் போகிற உலர் கழிப்பறை. பலருக்கு அது பிடிக்கவில்லை, தண்ணீர் ஊற்றும் கக்கூஸ்தான் வேண்டும் என்றார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஆனால் இந்த நீளத்தை நம் இந்திய ஜனம் விரும்பியா வாங்கியது? கேட்டோ மேனரில், பட்டணத்தின் பக்கத்திலேயே, தோட்டம் போட்டுக் கோயில் கட்டி இருந்தவர்கள் நம் அப்பாக்கள். எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்த, 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி அறுபதுகளில் நம்மை இங்கே தள்ளினார்கள். கறுப்பின மக்களை ஊருக்கு வடக்கே குவாமாஷுவுக்கு. நடுவில் நல்ல நிலமெல்லாம் பல வருஷம் புல் முளைத்துக் கிடந்தது, கோயில்கள் மட்டும் நின்றன. அந்தப் புல்காட்டைத் தாண்டித்தான் குழாயும் ரோடும் பஸ்ஸும் போயின. வேலைக்குப் போக நாம் கொடுத்த பஸ் காசை மறந்துவிட்டாயா?

இதையெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நகரமைப்பு படித்தவள், சும்மா விடுவாளா? “நெருக்கமும் சும்மா வராதுப்பா” என்றாள். அமெரிக்காவில் ஹெலன் லாட் என்கிற பொருளியல் அம்மா 1992இல் கணக்குப் போட்டிருக்கிறார். ஜனம் மிகவும் சிதறிய மாவட்டத்தில் தலைக்குச் செலவு அதிகம். நெருங்க நெருங்கக் குறைகிறது. ஓர் அளவைத் தாண்டினால் திரும்ப ஏறுகிறதாம். எனக்கு அது புதிதாகப் படவில்லை. பாயின்ட் ரோட்டில் (இப்போது மகாத்மா காந்தி சாலை, நமக்கு என்றும் பாயின்ட் ரோடுதான்) அடுக்குமாடிகளுக்கு நடுவே தோண்டிப் பார்த்தவனுக்குத் தெரியும். ஒரு கம்பியை நகர்த்தினால் அடியில் இன்னொரு கேபிள். போக்குவரத்தைத் திருப்பிவிட ஆள் வேண்டும். ஒரு நாள் வேலை மூன்று நாளாகும்.

எனக்கென்னவோ பேவியூ மாதிரித் தெருதான் அளவு என்று தோன்றுகிறது. மாடியும் வேண்டாம், மலைச்சரிவும் வேண்டாம். மகள் இதற்கும் ஏதோ சொன்னாள், டீ ஆறிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு விலைக்கு இருக்கிறது. ஒரு பக்கச் சுவர் பொதுச்சுவர், அந்த வீட்டு அக்கா மசாலா இடிக்கிற சத்தம் விடிகாலையிலேயே கேட்கும். பின்னால் முருங்கைமரம் இருக்கிறது. அந்த நிலத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு நடை வந்து இதைப் பார். வரும்போது முட்டிக்கு அந்தப் பச்சைத் தைலம் இரண்டு குப்பி வாங்கி வா.

உன் பழைய பஸ் கூட்டாளி