ஃபார்ம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்க றக்பி அணியில் ஆட்டத்தை வழிநடத்தி, பெரும்பாலும் கோல் உதைகளையும் எடுப்பவர் அணியும் பத்தாம் இலக்கச் சட்டை இனி சாஷா ஃபைன்பெர்க் ம்ங்கோமெசுலுவுக்கே உரியது, அதே இடத்தில் ஆடும் மூத்தவரான ஹான்ட்ரே பொலார்டை அணியிலிருந்தே நீக்கிவிடலாம் என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதல் பாதி சரி. 2025 செப்டெம்பரில் டர்பனில் ஆர்ஜென்டினாவுக்கு எதிராகத் தனியாளாக 37 புள்ளிகள் எடுத்தவரை வெளியில் உட்கார வைக்க முடியாது. இரண்டாம் பாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2023 உலகக் கிண்ணத்துக்கு முதலில் அறிவித்த அணியில், காயம் காரணமாகப் பொலார்ட் இல்லை. சக வீரர் மல்கம் மார்க்ஸ் காயப்பட்ட பிறகு, தொடரின் நடுவில்தான் அழைக்கப்பட்டார். அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15 என வென்றது கடைசி நிமிடங்களில் அவர் உதைத்த பெனால்டியால். நியூசிலாந்துக்கு எதிராக 12-11 என முடிந்த இறுதியாட்டத்தில் அந்த 12 புள்ளிகளும் அவருடையவை. அன்று ஃபார்மை மட்டும் பார்த்திருந்தால் கிண்ணம் கைநழுவியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கண்டியில் பாடசாலைப் பையன்களுக்குச் சில வருடங்கள் றக்பி பழக்கியவன் நான். பயிற்சியில் ஒரு கோல் உதையைக்கூடத் தவறவிடாத ஒரு பையன், இரண்டு புள்ளி பின்தங்கிய ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் உதைப்பதற்காகப் பந்தை நிறுத்தி வைக்கவே கை நடுங்கி நின்றான். அந்த நிமிடத்தைத் தாங்கும் மனம் வேறு, ஃபார்ம் வேறு. 2027 உலகக் கிண்ணத்தில் சாஷாவே ஆட்டத்தைத் தொடங்கட்டும். பொலார்டை மாற்று ஆட்டக்காரராக வைத்துக்கொண்டு, இப்போதிருந்தே டெஸ்ட் எனப்படும் சர்வதேச ஆட்டங்களின் கடைசி இருபது நிமிடங்களை அவருக்குக் கொடுத்துவரலாம்.

ஒரு வாசகர்,
கண்டி