உனக்கும் கயலுக்கும் சேர்த்து ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசாகிவிட்டது. மாடிப்படி மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இப்போது கயல் விஷயம். இயற்கை வள மேலாண்மைதான் படிப்பேன் என்று அவள் ஒரே பிடியாக நிற்கிறாள், மரம் நடுவதற்கு ஒரு பட்டமா என்று வீட்டில் கேட்கிறார்கள், நீதான் அதைப் படித்துக்கொண்டிருக்கிறாயே, உள்ளது உள்ளபடி சொல் என்கிறாய். சரி, சொல்கிறேன். நான் வேலையை விட்டுவிட்டு இந்த வயதில் முதுகலை சேர்ந்தவன். பள்ளி முடித்து நேராக வரும் பிள்ளைக்கு எல்லாம் இதே மாதிரி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாடத்தின் அடிப்படை ஒன்றுதான்.

மரம் நடுவது இதில் மிகச் சின்னப் பகுதி. தண்ணீரோ காடோ மீனோ மேய்ச்சல் நிலமோ, எதை எடுத்துக்கொண்டாலும் கேள்விகள் மூன்று: எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம், யார் எடுப்பது என்பதை யார் முடிவு செய்வது. முதல் இரண்டுக்கும் அறிவியல் இருக்கிறது. மூன்றாவதுதான் என் நேரத்தையெல்லாம் சாப்பிடுகிறது, எனக்கு இந்தப் படிப்பு பிடித்துப்போனதும் அதனால்தான்.

முதல் பருவத்தில் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது மண்ணில். ஒரு பிடி மண்ணை எடுத்து, வேரையும் கல்லையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசைய வேண்டும். உருண்டை பிடித்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நாடாவாகத் தள்ள வேண்டும். மணல் என்றால் உருண்டையே நிற்காது, உதிர்ந்துவிடும். களி அதிகமென்றால் நாடா அறுந்து விழாமல் ஐந்து சென்டிமீட்டருக்கு மேலேயும் நீளும். வண்டல் கூடுதலான மண், மாவைத் தொட்டதுபோல வழுவழுவென்று இருக்கும். மண்ணில் மணல், வண்டல், களி எவ்வளவு என்று ஆய்வகத்தில் ஹைட்ரோமீட்டர் என்ற அடர்த்தி அளக்கும் கருவியை வைத்து மணிக்கணக்காகக் கண்டுபிடிக்கிற வேலைக்கு, பழகிய விரல்கள் சில நிமிடங்களில் ஓரளவு சரியான பதிலைத் தந்துவிடுகின்றன.

அப்புறம் வளையச் சோதனை. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையங்களைத் தரையில் அடித்து இறக்கி, இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, உள்வளையத்தில் மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று குறித்துக்கொள்வோம். வெளிவளையத்துத் தண்ணீர் எதற்கென்றால், உள்ளே இருப்பது பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கத்தான். மணல் நிலம் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் குடிக்கும். களிமண் 1 முதல் 5 மில்லிமீட்டர்தான். பெய்வது ஒரே மழை. ஒரு நிலத்தில் அது கீழே இறங்குகிறது, பக்கத்து நிலத்தில் மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடுகிறது. எங்கே தடுப்பணை, எங்கே வரப்பு, எங்கே புல்லை அப்படியே விட்டுவைப்பது என்பதெல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

இவ்வளவு தெளிவாக அளக்க முடிகிறதே, எண்ணை வைத்தே எல்லாவற்றையும் நடத்திவிடலாம் என்று அப்போது தோன்றியது. அடுத்த பருவத்தில் வந்த காட் மீன் பாடம் அந்த நினைப்பை மாற்றியது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் நூற்றாண்டுகளாகப் பிடித்துவந்த மீன் அது. 1968-இல் மட்டும் சுமார் 8 லட்சம் டன் பிடித்தார்கள், பெரும்பாலும் பெரிய வலையை இழுத்துப்போகும் வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்கள். 1977-இல் கனடா தன் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை எல்லை வகுத்து அவற்றை வெளியேற்றியது. அதன்பின் ஆண்டுதோறும் மீன் இருப்பை மதிப்பிட்டு, பிடிக்கும் அளவை நிர்ணயித்து, பார்த்துப் பார்த்துத்தான் நடத்தினார்கள்.

ஆனால் அந்த மதிப்பீடு ஒரு பகுதி பெரிய கப்பல்களின் பிடிப்பை நம்பி இருந்தது. மீன் குறையக் குறைய மிச்சமிருந்தவை ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்தன. மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள் வைத்திருந்த கப்பல்கள் நேராக அங்கே போய் வலை போட்டன. பிடிப்பு குறையவில்லை, அதனால் இருப்பும் குறையவில்லை என்று கணக்கு சொன்னது. கரையோரத்தில் சிறு படகு வைத்திருந்தவர்களோ மீன் வரவில்லை, வருவதும் சிறிதாக இருக்கிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. 1992 ஜூலையில் மீன்பிடிப்புக்கே தடை வந்தது. 30,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு என்று அறிவித்த தடை 2024-இல்தான் நீங்கியது.

இதைப் படித்த பிறகு எந்த எண்ணைப் பார்த்தாலும், இதை யார் எண்ணினார்கள், எங்கே நின்று எண்ணினார்கள் என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. கயலுக்கு இந்தப் படிப்பு தரக்கூடியதில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பொதுவில் இருக்கும் எதையும் மனிதர்கள் அழித்தே தீருவார்கள் என்று 1968-இல் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் எழுதினார். ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைக் கூடுதலாக மேயவிட்டால் மேய்ச்சல் நிலம் என்ன ஆகும் என்பது அவர் வாதம். அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதே அதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட முடிவு. எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர் என்ன செய்தார் தெரியுமா? உண்மையில் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று போய்ப் பார்த்தார். தென் கலிபோர்னியாவில் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே வந்துகொண்டிருந்தபோது, அங்கிருந்தவர்கள் கூடிப் பேசி எப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள் என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வே. 2009-இல் பொருளாதார நோபல் பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்.

அவர் எடுத்துக்காட்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது டோர்பல் என்ற சுவிட்சர்லாந்து மலைக் கிராமம். 1517-லிருந்தே அங்கே ஒரு விதி உண்டு: பனிக்காலம் முழுக்கத் தன்னிடம் உள்ள தீனியைப் போட்டுக் காப்பாற்ற முடிகிற அளவு மாடுகளைத்தான் ஒருவர் கோடையில் மலை மேய்ச்சலுக்கு அனுப்பலாம். எவ்வளவு எளிமை, பார்! மலையில் எவ்வளவு புல் இருக்கிறது என்று யாரும் அளக்கத் தேவையில்லை. யார் தொழுவத்தில் எத்தனை மாடு என்பது ஊருக்கே தெரியும். மீறினால் அபராதம். ஸ்பெயினின் வாலென்சியாவில் இன்றும் வியாழக்கிழமை நண்பகலில் தேவாலய வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. கால்வாய்ப் பாசனக்காரர்கள் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார்ந்து, வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். எல்லா இடத்துக்கும் இதே மருந்து என்று ஆஸ்ட்ரம் சொல்லவில்லை என்பதையும் கயலிடம் சொல். எல்லை தெரியாத இடத்தில், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இடத்தில், மேலிருந்து வரும் உத்தரவு உள்ளூர் விதியை மிதித்துப்போடும் இடத்தில் இதெல்லாம் நிற்பது கடினம்.

செயற்கைக்கோள் படமும் படிக்கிறோம். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972-லிருந்து எடுத்த படங்கள் 2008 முதல் யாருக்கும் இலவசம். 1982-க்குப் பிந்தைய பெரும்பாலான படங்களில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். காடு எங்கே சுருங்கியது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே காட்டிவிடலாம். ஏன் சுருங்கியது என்று கேட்கத்தான் நடந்து போக வேண்டும்.

வேலை பற்றி நீ கேட்டிருந்தாய். வனம், நீர், வேளாண் துறைகள், நீர்வடிப்பகுதித் திட்டங்கள், வரைபட நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், ஒரு திட்டம் சூழலை எவ்வளவு பாதிக்கும் என்று ஆராய்ந்து அறிக்கை தரும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று வழிகள் இருக்கின்றன. மருத்துவம், மென்பொருள் மாதிரி வரிசையாக வேலை காத்திருக்காது. கடைசியாகச் சொன்ன துறையில் ஒரு சங்கடமும் உண்டு. அறிக்கைக்குப் பணம் கொடுப்பவர் பல நாடுகளில் திட்டத்தைக் கொண்டுவருபவரேதான். அங்கே போகிறவளுக்கு முதுகெலும்பு வேண்டும். கயலுக்கு அது இருக்கிறது.

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது களப்பணி எத்தனை வாரம் என்று முதலில் கேட்கச் சொல். புள்ளியியலும் சட்டமும் பாடத்திட்டத்தில் இல்லையென்றால் அந்த இடம் வேண்டாம். புள்ளியியல் இப்போதே கொஞ்சம் படிக்கத் தொடங்கினால் இரண்டாம் ஆண்டில் மூச்சுத் திணறாது. என் மண், நீரியல் குறிப்புகளை ஸ்கேன் செய்து இந்த வாரமே அனுப்புகிறேன். வீட்டில் கேட்கிறவர்களிடம் நீயே பேசு முரளி, அந்தப் பாரத்தை அவள் தலையில் வைக்காதே. மற்ற கேள்விகளுக்கு ஞாயிறு மாலை அவளையே என்னைக் கூப்பிடச் சொல்.

அன்புடன்,
செல்வம்