ஸ்க்ரூ எங்கே இருக்கிறது?

திருவையாறு
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். ஸ்டட்கார்ட்டில் நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் எல்லாரும் சௌக்கியம்தானே? போனில் கூப்பிட்டால் ரெண்டாவது நிமிஷமே "அப்பா, மீட்டிங்" என்கிறாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது, மெதுவாகப் படித்துக்கொள். லேப்டாப்பில் தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறேன். ஆமாம், நீ தூக்கிப் போடச் சொன்ன அதே லேப்டாப்தான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் வாட்ச். தீபாவளிக்கு நீ அனுப்பிய பெட்டியைப் பிரித்ததும் நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்கே தெரியும். திருப்பிப் பார்த்து ஸ்க்ரூ எங்கே என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. சுற்றிலும் பசை போட்டு ஒட்டியிருக்கிறான். சரி, கட்டித்தான் பார்ப்போமே என்று வலது கையில் கட்டிக்கொண்டேன். இடது மணிக்கட்டில் சால்டரிங் அயர்ன் சுட்ட தழும்பு இருக்கிறதே, அதில் பட்டை உரசுகிறது.

அடிப்பக்கம் பச்சையாக மினுக்குகிறது பார், அது ஒன்றுக்காகவே அதை எனக்குப் பிடித்துப்போயிற்று. ரத்தம் பச்சை வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறையும்போது, திரும்பி வரும் வெளிச்சம் குறைந்து கூடும். அதை எண்ணி நாடி சொல்கிறது. இருட்டினால் தானாக எரியும் விளக்குக்கு, வெளிச்சத்தை உணர்கிற எல்.டி.ஆர். என்ற சின்னப் பாகத்தை வைத்து ஒரு சர்க்யூட் போட்டுவிட்டு ஒரு வாரம் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தவன் நான். இதைச் செய்தவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அடி எண்ணுகிறேன் என்கிறதே, அது பெரிய புளுகு. தியாகராஜர் ஆராதனை அன்று காலையில் பந்தலில் போய் உட்கார்ந்தேன். பஞ்சரத்னம் நாட்டையில் எடுத்து ஸ்ரீராகத்தில் முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. ஐந்தும் ஆதி தாளம். வழக்கம்போலத் தொடையில் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மூவாயிரத்துச் சொச்சம் அடி நடந்திருக்கிறேனாம்! பாராட்டு வேறு, வாணவேடிக்கைப் படத்தோடு. உள்ளே இருப்பது ஆக்சிலரோமீட்டர். கை ஒரே சீராக ஆடினால் அதன் அகராதியில் அது நடை. தாளம் என்று ஒன்று இருப்பதை யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உன் அம்மா கேட்டாள்: "அப்ப வித்வானெல்லாம் அன்னிக்கு உக்காந்தபடியே தஞ்சாவூருக்குப் போயிருப்பாங்களா?"

வாசல் காமிராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நம் தெருவில் யார் பெல் அடிக்கிறார்கள்? கேட்டைத் திறந்துகொண்டே "அண்ணே" என்று வந்துவிடுகிறார்கள். அது விழுந்து விழுந்து படம் பிடிப்பது எதிர்வீட்டு மாட்டைத்தான். இங்கே விடிகாலை ஐந்தரைக்கு மாடு நம் வாசலுக்கு வந்தால் அங்கே ராத்திரி ஒரு மணிக்கு உன் போன் அலறுகிறது. மாட்டுக்காரருக்கே தெரியாத அதன் போக்குவரத்தெல்லாம் உனக்கு அத்துப்படி.

நான் பழசெல்லாம் பொன் என்று புலம்பும் ஆள் இல்லை. அப்படிப் பேசுகிறவர்கள் வால்வு ரேடியோவைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். சுவிட்சைப் போட்டால் சூடேறிச் சத்தம் வருவதற்குள் செய்தியில் பாதி போய்விடும். அதற்கு லைசென்ஸ் வேறு, வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்ட வேண்டும். 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபோது, கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் ஆன்டெனா கட்ட ஆள் தேவைப்பட்டது. எனக்கு அப்போது இருபது வயது. தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, உச்சியில் பூஸ்டர் வைத்து, மேலே நான் திருப்ப, கீழே ஒருத்தர் "வந்திருச்சு, போயிருச்சு" என்று கத்த, கடைசியில் தெரிந்தது படமா பனிமூட்டமா என்று பட்டிமன்றமே வைக்கலாம். இன்றைக்கு அம்மா அடுப்படியில் உட்கார்ந்தபடி பேரனின் பல்லை எண்ணுகிறாள். எது மேல் என்று என்னைக் கேட்காதே.

கஜா புயலையும் மறக்கவில்லை. 2018 நவம்பர் 16 விடிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டையில் உன் அத்தை வீட்டுப் பக்கம் கம்பம், டவர் எல்லாம் சாய்ந்து கிடந்தன. கையிலிருந்த ஸ்மார்ட்போன் வெறும் டார்ச்லைட். இங்கே நான் பழைய டிரான்சிஸ்டரில் நாலு செல்லைப் போட்டு 936-இல் திருச்சி வானொலியை வைத்துக்கொண்டு ராப்பகலாக உட்கார்ந்திருந்தேன். நம் ரேடியோ ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களிடம் கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன், பார்த்தீர்களா, கடைசியில் கைகொடுத்தது இதுதான் என்று. ஆனால் பாப்பா, அந்த டிரான்சிஸ்டர் எத்தனை மரம் விழுந்தது என்று சொன்னது, மந்திரி எங்கே வந்தார் என்று சொன்னது. அத்தை உயிரோடு இருக்கிறாளா என்று சொல்லவில்லை. டவர் எழுந்து, "அண்ணே, ஓடு பறந்துருச்சு, நாங்க நல்லாருக்கோம்" என்று அவள் குரல் வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அன்றோடு அந்தப் பெருமைப் பேச்சை விட்டுவிட்டேன்.

அதனால் புதுசு, பழசு என்று பார்ப்பதில்லை. எனக்குக் கேள்வி ஒன்றுதான்: கெட்டால் யார் திறப்பது?

கடைக்கு வந்த ரேடியோவின் பின் அட்டையைக் கழற்றினால், எந்த வால்வு எங்கே என்று உள்ளேயே படம் ஒட்டியிருக்கும். செய்தவன் ஏதோ ஒரு ஊரில், என்னை அறியாதவன். ஆனால் இது ஒரு நாள் கெடும், அன்றைக்கு ஒருத்தன் ஸ்க்ரூடிரைவரோடு வருவான் என்று நினைத்து அந்தப் படத்தை ஒட்டியிருக்கிறான். முப்பது வருஷம் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மனுஷனின் நினைப்பால்தான். நீ அனுப்பும் சாமான்களில் அந்த ஆள் காணாமல் போய்விட்டான். இப்போது செய்கிறவன் என்னைப் போன்றவன் வந்துவிடக் கூடாதென்று பசை போடுகிறான்.

நம் பக்கத்துச் சரக்கு ஒன்று சொல்கிறேன். திருக்காட்டுப்பள்ளி சித்தப்பா பம்புசெட்டுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறார். உள்ளே ஒரு சிம். வீட்டுத் திண்ணையிலிருந்து போன் அடித்தால் மோட்டார் ஓடும். திரி பேஸ் கரண்டு வந்ததா போனதா என்று அதுவே சொல்லும். முன்பு நடுராத்திரியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து வரப்பில் குதித்துக் குதித்துப் போவார். இப்போது போர்வைக்குள்ளிருந்தே தண்ணீர் பாய்ச்சுகிறார். போன வருஷம் அதில் ரிலே போயிற்று. நாலு ஸ்க்ரூ, பத்து நிமிஷ வேலை, நானே மாற்றிக் கொடுத்தேன். இந்தக் காலத்தின் சிறந்த கண்டுபிடிப்பு எது என்று யாராவது கேட்டால் அந்தத் தகரப் பெட்டியைத்தான் காட்டுவேன். ஒரே தொல்லை, மோட்டாருக்கு லோன் வேண்டுமா என்று அடிக்கடி போன் வருகிறதாம். அப்புறம் ரீசார்ஜ். 28 நாளை ஒரு மாசம் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் கண்டார்களோ, வருஷத்துக்குப் பதிமூன்று முறை கட்ட வேண்டியிருக்கிறது. முப்பது நாள் பிளான் ஒன்றாவது வைத்தாக வேண்டும் என்று, போன் கம்பெனிகளைக் கண்காணிக்கிற டிராய் 2022-இல் சொன்ன பிறகு அப்படியும் வந்திருக்கிறது. தேடிக் கண்டுபிடிப்பது நம் சாமர்த்தியம்.

இப்போது லேப்டாப். 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் நின்று விண்டோஸ் 10-க்குக் காரியம் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்றொரு பாதுகாப்புச் சிப் வேண்டும், இதில் அது இல்லை. "பத்து வருஷம் ஆச்சுப்பா, போதும்" என்றாய். உன் அம்மாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துவிட்டுச் சும்மா இருந்தேன். பிறகு திருப்பினேன். பதினோரு ஸ்க்ரூ! பார்த்ததுமே பாதி சந்தோஷம். தஞ்சாவூர் போய் ஒரு எஸ்எஸ்டி வாங்கி வந்து பழைய ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் சொருகி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டேன். முன்பு ஆன் பண்ணிவிட்டுக் காபி போட்டுக் குடித்துவிட்டு வருவேன். இப்போது டம்ளரை எடுப்பதற்குள் தயாராகிவிடுகிறது. பிரிண்டர் மட்டும் இன்னும் முரண்டு பிடிக்கிறது. பிரிண்டர் எந்தக் காலத்தில் யாருக்கு அடங்கியிருக்கிறது?

உங்கள் பக்கத்துச் சட்டத்தைப் படிக்கும்போதுதான் பொறாமை வருகிறது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய யூனியனில் புதுப் போன் எல்லாவற்றுக்கும் சி டைப் சார்ஜர் முனைதான். 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடல் விற்பனை நின்ற பிறகும் ஏழு வருஷத்துக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டுமாம். 2027 பிப்ரவரி முதல் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவனே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும், சில விலக்குகள் தவிர. இதையெல்லாம் படித்தபோது, பின் அட்டையில் படம் ஒட்டிய ஆள் சாகவில்லை, பிரஸ்ஸல்ஸில் யூனியன் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறான் என்று தோன்றியது. இங்கேயும் 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று மத்திய அரசு ஒரு போர்ட்டல் திறந்தது. போர்ட்டல் திறப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. போனைத் திறப்பதுதான் பாக்கி.

மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய பவர் பேங்க் நன்றாக உழைக்கிறது. 20,000 எம்ஏஎச் கொள்ளளவு என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம் என்று அவரிடம் சொல். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல் கணக்கு. வெளியே வருவது 5 வோல்ட். பெருக்கி வகுத்தால் 14,800, சூட்டில் போவது போக இன்னும் குறையும். அவன் பொய் சொல்லவில்லை. வாங்குகிற படி வேறு, அளக்கிற படி வேறு, அவ்வளவுதான்.

அப்புறம், எல்லாரும் பேசுகிறார்களே ஏஐ, அதோடும் ஒரு மாசமாகப் பழகுகிறேன். வாய் திறந்து தமிழில் கேட்டால் தமிழில் பதில். முதல் நாள் மயிர்க்கூச்செறிந்தது. பழைய வால்வு செட் ஒன்றில் விடாமல் ஹம் வருகிறது, என்ன காரணம் என்று கேட்டேன். பவர் சப்ளையில் இருக்கும் பில்டர் கண்டென்சரைப் பாருங்கள் என்றது. சரியான பதில். கடையில் ரெண்டு வருஷம் இருந்த பையனே இதற்குத் தடுமாறுவான். எனக்குத்தான் புத்தி சும்மா இருக்காதே, வேண்டுமென்றே ஒரு போடு போட்டேன்: "கண்டென்சர் இல்லை, டயல் கயிறு அறுந்ததால்தான் ஹம் வருது." முள்ளை நகர்த்துகிற நூல் அது, கரண்டுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. உடனே "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது மிகச் சரி" என்று தொடங்கி, டயல் கயிறு அறுந்தால் ஏன் ஹம் வரும் என்று நாலு பத்தி விளக்கம் கொடுத்ததே பார்க்கலாம்! தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை வாங்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும், இப்படி வழியவும் வழியாது. அந்தக் கடைப் பையன் இப்படிச் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். நான் சொல்லியிருந்தால் அவன் சிரித்திருப்பான், வாயைப் பொத்திக்கொண்டு. தப்பைப் பார்த்துச் சிரிக்க அதற்கு இன்னும் யாரும் கற்றுத்தரவில்லை. இருந்தாலும் தினமும் ஏதாவது கேட்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்கிற ஒன்று வீட்டில் இருப்பது நல்லதுதான். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

வாட்ச் விஷயமாக ஒன்று. போன வெள்ளிக்கிழமை ராத்திரி அதைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். "அப்பா, ஹார்ட் ரேட் வரலையே" என்று விடிவதற்குள் மூணு தடவை அடித்திருக்கிறாய். அம்மா எடுத்துப் பேசிய பிறகுதான் உனக்கு மூச்சு வந்தது என்றாள். என் நாடி உன் போனுக்கு வருகிற ஏற்பாடு எனக்கு அதுவரை தெரியாது. முதலில் கொஞ்சம் சுருக்கென்றது, மறைக்கவில்லை. அப்புறம் நான் புயல் ராத்திரியில் டிரான்சிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. ஓடட்டும், நிறுத்த வேண்டாம். சார்ஜ் போடுவதைக் காலை எட்டு மணிக்கு மாற்றிக்கொண்டேன், நான் பேப்பர் படிக்கிற நேரம். உனக்கு அப்போது ராத்திரி மூன்றரை, நீ தூங்கு.

சித்திரையில் வருவதாகச் சொன்னாய். அம்மா இப்போதே அசோகா கிண்டுவதற்குப் பாசிப்பருப்பு வறுக்கட்டுமா என்கிறாள், நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன். எனக்கு ஒரே ஒரு சாமான் வாங்கி வா. போன தடவை நீ அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன போனில் பேட்டரி உப்பி ஸ்க்ரீன் தூக்குகிறது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் புதுசு வாங்குங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். லித்தியம் விளையாட்டில்லை என்று தெரியும், சார்ஜ் போடாமல் அணைத்து, மொட்டைமாடியில் மண்சட்டிக்குள் வைத்திருக்கிறேன். அதன் அடியில் ரெண்டு ஸ்க்ரூ இருக்கிறது, ஐந்து இதழ் பூ மாதிரி. தஞ்சாவூரில் தேடிவிட்டேன், பொருந்துகிற முனை கிடைக்கவில்லை. அங்கே நல்ல செட்டாகப் பார்த்து வாங்கு. அதைக் கைப்பையில் மட்டும் வைக்காதே, ஏர்போர்ட்டில் பிடுங்கினாலும் பிடுங்கிக்கொள்வான். பெரிய பெட்டியில் துணிக்கு நடுவில் போடு.

அன்புடன்,
அப்பா