ஏட்டுச் சுரைக்காய் வாங்குகிறவன் எழுதும் மடல்

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை எங்கள் வீட்டில் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்கள். சமையல் புத்தகங்களை வாங்கி, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தலையணையில் சாய்ந்துகொண்டு கதை மாதிரிப் படிக்கிறவன் நான். அடுப்புப் பக்கம் போவது மாதத்தில் நாலைந்து நாள் இருக்கும். 31 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் என்பதால், இத்தனை கிராம், இத்தனை நிமிடம், இத்தனை பேருக்கு என்று எழுதியிருப்பதைப் படிப்பதே எனக்கு ஒரு சுகம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. டிவி தொடர்களை ஒட்டி எழுதப்பட்ட நாவல்கள். ஆங்கிலத்தில் இவை மலைபோல் வந்திருக்கின்றன. நடைபாதைக் கடைகளில் பத்து ரூபாய், இருபது ரூபாய்க்கு வாங்கியே ஒரு அலமாரி நிரம்பிவிட்டது. தமிழில் இந்த வகையைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது.

இலக்கியம் படிக்கிற என் நண்பர்கள் இந்த இரண்டு வகையையும் கையில் எடுக்கவே கூச்சப்படுவார்கள். அது அவர்கள் பாடு. ஆனால் ஒன்றை அச்சடித்து விற்கிறவர்களும், மற்றதை அச்சடிக்கவே நினைக்காதவர்களும் நீங்கள்தான். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

போன புத்தகக் காட்சியில் உங்களில் ஒருவரிடம் 150 ரூபாய் கொடுத்து ஒரு சிறுதானியச் சமையல் புத்தகம் வாங்கினேன். பக்கம் 46, தினை அடை. தேவையான பொருட்கள் என்ற தலைப்பின் கீழே தினை ஒரு கப், கடலைப்பருப்பு கால் கப், துவரம்பருப்பு கால் கப், மிளகாய் வற்றல் ஆறு, பெருங்காயம், உப்பு. சரி. செய்முறையின் முதல் வரி: தினை, பருப்புகள், பாசிப்பருப்பு ஆகியவற்றை இரண்டு மணி நேரம் ஊற வைக்கவும். பாசிப்பருப்பு எங்கிருந்து வந்தது? மூன்றாவது வரியில், வதக்கி வைத்த வெங்காயத்தை மாவில் கலக்கவும் என்கிறார்கள். எப்போது வதக்கினோம்? துப்பறியும் நாவலில் கடைசி அத்தியாயத்தில் முன்பின் தெரியாத ஒருத்தர் கதவைத் தட்டி, நான்தான் கொலை செய்தேன் என்று சொன்னால் படிக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அந்தப் பாசிப்பருப்பு.

நாவலென்றால் இப்படி விடுவீர்களா? ஒரு கவிதைத் தொகுப்புக்கு மூன்று முறை மெய்ப்புப் பார்க்கிறீர்கள். ஒற்று மிகுமா மிகாதா என்று சண்டையே நடக்கிறது. சமையல் புத்தகத்தில் வெல்லம் என்று பட்டியலில் போட்டு, சர்க்கரை என்று செய்முறையில் போட்டாலும் யாரும் கேட்பதில்லை. ஒற்றுப்பிழை இருந்தால் கவிதை கெட்டுப்போகுமோ என்னவோ, பாயசம் கெட்டுப்போனது எங்கள் வீட்டில்.

அப்புறம் அந்த எண்ணிக்கை மோகம். 30 வகை, 100 வகை, 365 வகை. எண்ணை முதலில் அட்டையில் போட்டுவிட்டு, பிறகு உள்ளே நிரப்புகிறீர்கள் என்பது படிக்கும்போதே தெரிகிறது. 17ஆவதாக கேரட் சாதம், 23ஆவதாக பீட்ரூட் சாதம், 31ஆவதாக முட்டைகோஸ் சாதம். காயின் பெயரை எடுத்துவிட்டால் மூன்றும் ஒரே பத்தி.

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. இளம் வயதில் கணவரை இழந்தவர் அவர். செய்முறை கேட்டு உறவினர்கள் ஓயாமல் அவரிடம் வருவதைப் பார்த்து, இதையெல்லாம் புத்தகமாகவே எழுதிவிடு என்று ஊக்கம் கொடுத்தவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். பெரிய பதிப்பகப் பலமெல்லாம் அதற்கு இல்லை. ஆனாலும் புதிதாகக் குடித்தனம் வைக்கிற பெண், பக்கத்தில் கேட்க ஆளில்லாத ஊரில், புத்தகத்தை மட்டும் பார்த்துச் சமைத்துவிடலாம் என்பது மாதிரி எழுதியிருக்கிறார். எழுத்தாளர் தன் வாசகரை மனதில் வைத்து எழுதினார் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் அந்தப் புத்தகத்தைத்தான் நீட்டுவேன்.

பழைய புத்தகங்களில் எல்லாம் பொன் என்று சொல்லமாட்டேன். அம்மாவிடம் அட்டையும் முதல் பதினாறு பக்கமும் போன ஒரு புத்தகம் இருந்தது. பெயரே தெரியாது. மஞ்சள் கறை பட்ட பக்கங்களை வைத்தே எந்தச் சமையல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அதில் அளவெல்லாம் ஆழாக்கிலும் ரூபாய் எடையிலும் இருக்கும். 1996இல், கல்யாணமான புதிதில், என் மனைவி அதைப் பார்த்து அரைத்துவிட்ட சாம்பார் வைக்க முனைந்தாள். தனியா இரண்டு ரூபாய் எடை என்று இருந்தது. கெட்டிக்காரி, தங்கம் நிறுக்கிற மாதிரி ஒரு சின்னத் தராசை எடுத்து, தட்டில் இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து நிறுத்துவிட்டாள். ரூபாய் எடை என்பது பழைய வெள்ளி ரூபாயின் எடை. ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம். அவள் தட்டில் வைத்த எஃகு ரூபாய் ஐந்து கிராம்கூட வராது. தனியா, மிளகாய், பருப்பு எல்லாமே ரூபாய் எடையில் இருந்தால் பாதகமில்லை. எல்லாம் ஒரே விகிதத்தில் குறையும், குழம்பு கொஞ்சமாக வரும், அவ்வளவுதான். ஆனால் பருப்பும் புளித்தண்ணீரும் ஆழாக்குக் கணக்கு. ஆழாக்கு எங்கள் வீட்டில் அசலாகவே இருந்தது, பித்தளையில். அன்றைக்கு வந்தது மஞ்சள் நிறத்தில் ஒரு பருப்புத் தண்ணீர். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போய் மாவடு ஜாடியைத் திறந்தார்.

எட்டு ஆழாக்கு ஒரு படி என்று அம்மாவுக்குச் சொல்லித்தர ஆள் இருந்தது. இன்றைக்கு உங்கள் புத்தகத்தில் கப் என்று இருக்கிறது, டம்ளர் என்று இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே நாலு அளவில் டம்ளர் இருக்கிறது. எந்த டம்ளர்? முதல் பக்கத்தில் ஒரே ஒரு அட்டவணை போடுங்கள். இந்தப் புத்தகத்தில் ஒரு கப் என்றால் இத்தனை மில்லி, ஒரு தேக்கரண்டி என்றால் இத்தனை என்று. அரைப் பக்கம் போதும். கடைசியில் ஒரு பொருளடைவும் வேண்டும். ராத்திரி ஏழு மணிக்கு வீட்டில் ஒரே ஒரு சௌசௌதான் இருக்கிறது என்கிறவருக்கு, சௌசௌ என்று தேடினால் பக்க எண் கிடைக்க வேண்டும். பழைய பதிப்பை மறுபடி அச்சடிக்கும்போது முதற்பதிப்பு எந்த வருடம் என்றும் போடுங்கள்.

எழுதியவர் பெயர்? அட்டையில் டிவியில் வருகிற சமையல்காரரின் சிரித்த முகம் இருக்கிறது. உள்ளே அவர் பேச்சு மாதிரி ஒரு வரிகூட இல்லை. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், நாலு நிகழ்ச்சியைப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறார். அவர் யார் என்று கடைசிப் பக்கம் வரை தேடியும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் என் இன்னொரு அலமாரி நினைவுக்கு வருகிறது. ‘மர்டர், ஷி ரோட்’ என்று ஒரு அமெரிக்கத் தொடர், 1984இலிருந்து 1996 வரை ஓடியது. ஜெசிகா ஃப்ளெட்சர் என்கிற துப்பறியும் நாவலாசிரியைதான் நாயகி. அந்தத் தொடரை ஒட்டி வந்த நாவல்களின் அட்டையில் ஆசிரியர் பெயர் இப்படி இருக்கும்: ஜெசிகா ஃப்ளெட்சர், டொனால்ட் பெய்ன். கற்பனைப் பெண்ணுக்குப் பக்கத்தில், உண்மையில் எழுதிய மனிதருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். இல்லாத ஒருத்தியே தன் அட்டையில் இன்னொருவருக்கு இடம் விடும்போது, இருக்கிற நம் சமையல் நட்சத்திரங்களால் முடியாதா? (அந்தத் தொடரில் ஒரு காட்சிகூட நான் பார்த்ததில்லை. நாவல் ஆறு படித்திருக்கிறேன்.)

தொடரை ஒட்டி வருகிற நாவல் ஒரு காசு பண்ணுகிற வேலை என்பார்கள். பல சமயம் அப்படித்தான். ஆனால் ‘டாக்டர் ஹூ’ கதையைக் கேளுங்கள். பிரிட்டனில் 1963இல் தொடங்கிய தொடர். அந்தக் காலத்தில் பிபிசி பழைய நாடாக்களை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தியது. 60களில் வந்த பகுதிகளில் 90க்கும் மேல் இன்றுவரை கிடைக்கவில்லை. வீட்டில் பதிவு செய்ய வசதியில்லை, மறு ஒளிபரப்பும் அபூர்வம். 70களில் டார்கெட் என்ற பதிப்பகம் அந்தக் கதைகளைச் சின்னச் சின்ன நாவல்களாகப் போட ஆரம்பித்தது. டெரன்ஸ் டிக்ஸ் என்பவர் மட்டும் 60க்கும் மேல் எழுதினார். நறுக்கென்ற வாக்கியங்கள், ஒரே மூச்சில் படித்துவிடலாம். அழிந்துபோன கதைகளை அங்கே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் புத்தகத்தில்தான் பார்த்தார்கள். இலக்கியப் பரிசு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் நாடா போன பிறகும் அது கையில் இருந்தது.

நமக்கு இது புதிதும் இல்லை. 1952இல் ‘பராசக்தி’ வந்தபோது அதன் வசனம் புத்தகமாக விற்றது. நீதிமன்றக் காட்சியை மனப்பாடமாகப் பேசிய பெரியவர்களை நானே பார்த்திருக்கிறேன். கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றோம். டிவி வந்ததும் இந்தப் பழக்கம் எங்கே போனது என்பதுதான் என் கேள்வி. நாவலிலிருந்து தொடருக்குப் போகிற பாதை நன்றாகவே இருந்தது. 90களில் நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ இந்திரா சௌந்தர்ராஜனின் கதை. அந்தக் குதிரைக் குளம்புச் சத்தத்துக்குப் பயந்து போர்வைக்குள் போன என் அண்ணன் பையன், பிறகு நாவலைத் தேடிப் படித்தான். புத்தகம் பக்கமே போகாதவன் அவன். திரும்பி வருகிற பாதையைத்தான் நாம் போடவில்லை.

‘கோலங்கள்’ 2003இலிருந்து 2009 வரை, 1500 பகுதிக்கு மேல் ஓடியது. ஒரு நாளைக்கு ஒன்று என்று இன்றைக்குப் பார்க்க உட்கார்ந்தாலும் நாலு வருடம் ஆகும். அதையே 220 பக்கத்தில், நல்ல கை உள்ள ஒருத்தர் எழுதினால்? பின்னணி இசையோடு மூன்று முறை முகத்தைத் திருப்பிக் காட்டுவதெல்லாம் ஒரு வரியில் போய்விடும். நாளிதழ்த் தாளில், பேருந்து நிலையக் கடையில் தொங்குகிற மாத நாவல் வடிவம் நம்மிடம் தயாராக இருக்கிறது. அதில் போடுங்கள். எங்கள் தெருவில் சாயங்காலம் தொடர் பார்க்கிற பெண்கள், மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கும்போது அந்தக் கதையை எனக்குத் தெரிந்த எந்த விமர்சகரையும்விடக் கூர்மையாக அலசுகிறார்கள். அவர்கள் வாசகர்கள் இல்லை என்று யார் முடிவு செய்தது?

உரிமைச் சிக்கல் இருக்கும், தெரியும். தொலைக்காட்சிக்கு ஒரு கை, தயாரிப்பாளருக்கு ஒரு கை, கதை எழுதியவருக்கு ஒரு கை. பேசித்தான் பார்க்க வேண்டும்.

என் இரண்டு அலமாரியும் ஒன்றாகச் சேருகிற இடம் ஒன்று உண்டு. ‘தி சோப்ரானோஸ்’ என்ற அமெரிக்க மாஃபியா தொடருக்கு 2002இல் ஒரு சமையல் புத்தகம் வந்தது. தொடரில் உணவகம் நடத்துகிற ஆர்ட்டி புக்கோ என்ற பாத்திரம் தொகுத்தது என்று அட்டை சொல்லும். ஆலன் ரக்கர் எழுதியது, சமையல் குறிப்புகள் மிஷேல் சிகொலோனுடையவை. பாத்திரங்கள் ஒவ்வொருவரும் தங்கள் குரலில் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். படித்தால் கதை, பார்த்துச் செய்தால் சாப்பாடு.

அதை மூடி வைத்த ராத்திரி எனக்கு ‘மெட்டி ஒலி’ ஞாபகம் வந்தது. ஒரு அப்பா, ஐந்து பெண்கள். ஐந்து பேரும் ஒரே வீட்டில் ஒரே கைப்பக்குவத்தில் வளர்ந்து, வேறு வேறு வீட்டுக்குப் போகிறார்கள். எங்கள் வீட்டில் சாம்பாரில் வெல்லம் போடுவோம் என்று ஒருத்தி, அதைச் சொல்லி மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எப்படி என்று இன்னொருத்தி. அப்பாவுக்குப் பிடித்த வத்தக்குழம்பு ஐந்து அடுப்பில் ஐந்து விதமாகக் கொதிக்கிறது. செய்முறைக்கு நடுவே கண்ணீர், கண்ணீருக்கு நடுவே கடுகு தாளிப்பு. இப்படி ஒரு புத்தகம் போடுங்கள். 300 ரூபாய் என்றாலும் இரண்டு பிரதி வாங்குவேன், ஒன்று படுக்கைக்கு, ஒன்று அடுப்படிக்கு.

ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு வருவேன். அதற்கு முன்னால், சிறுதானியப் புத்தகம் போட்ட உங்களில் அந்த ஒருவருக்கு மட்டும் ஒரு அவசர விண்ணப்பம். பக்கம் 46, பாசிப்பருப்பு எவ்வளவு என்று ஒரு வரி தெரிவித்தால் உதவியாக இருக்கும். தினையை ஊறப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன் ஒருவன்